பதினெட்டாம் தேதிப் பொய்

ஏழு வருஷம் நான் மாதாமாதம் பொய்யாகத் தூரம் உட்கார்ந்தேன். இதை எழுத எனக்குக் கூச்சமில்லை. கோபம்தான் வருகிறது. அதனால் நேராகவே எழுதுகிறேன்.

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீடு. தூரமானால், அதாவது மாதவிலக்கானால், மூன்று நாள் பின்பக்கத்துச் சின்ன அறை. தனித் தட்டு, தனி டம்ளர், ஒரு பாய். சமையலறையிலும் சாமி அறையிலும் கால் வைக்கக் கூடாது. நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே வரலாம். அப்பாவுக்கு ரயில்வேயில் ஷிஃப்ட் வேலை. இந்த விஷயத்தில் வாயே திறக்க மாட்டார். எல்லாம் அம்மாதான். நான் ஒரே பெண். ஹாலில் தொங்கும் காலண்டரில் என் தேதிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள்.

பதினாறு வயதில் எனக்கு இரண்டரை மாதம் வரவில்லை. அம்மா ஒரு நாள் மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு என் தலைமுடியைப் பிடித்தாள்.

"எவன்டி?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. "எவன்னா?"

"சொல்லிடு. அப்பாவுக்குத் தெரியாம முடிச்சுடலாம்."

எதை முடிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கன்னத்தில் ஒன்று விழுந்தது. சாமி அறையில் கற்பூரம் ஏற்றி, அதன் மேல் கையை நீட்டிச் சத்தியம் பண்ணச் சொன்னாள். பண்ணினேன். நம்பவில்லை. தினமும் பப்பாளி, எள்ளுருண்டை. தினமும் என் வயிற்றை ஒரு பார்வை. பதினோராம் நாள், பதினெட்டாம் தேதி, வந்தது. அன்றைக்கு அம்மா அழுதுகொண்டே பாயசம் வைத்தாள். நான் ஒரு வாய்கூடத் தொடவில்லை. இனிமேல் உனக்குப் பாயசம் வைக்கிற வேலையே இருக்காது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி ஒன்றும் வரவில்லை. நானே போய்ப் பின் அறையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா புள்ளி வைத்தாள். அவ்வளவு சுலபம். அதற்கப்புறம் ஒவ்வொரு பதினெட்டாம் தேதியும், சில சமயம் நம்பும்படி பதினேழு, பத்தொன்பது. சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து கொல்லையில் காயப்போடுவேன். அந்த மூன்று நாள் எனக்குப் பிடித்தும் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாவாட்டச் சொல்ல மாட்டார்கள். வாரப் பத்திரிகை ஏழெட்டு இருக்கும். மல்லாந்து படுத்துப் படிப்பேன்.

நிஜமாக வருவது வருஷத்துக்கு நாலு முறை. வந்தால் அணை உடைந்த மாதிரி வரும். அப்போது தேதி வேறாக இருக்குமே, என்ன செய்வது? வயிற்றுப்போக்கு என்று சொல்லிவிடுவேன். அடிக்கடி பாத்ரூம் போவதற்கும் அதுவே காரணமாகிவிடும். அம்மா உடம்புச் சூடு என்று மோரில் வெந்தயம் போட்டுத் தருவாள். ஒரே ஒரு தடவை நிஜமும் பொய்யும் ஒரே நாளில் சேர்ந்து வந்தன. லாட்டரி அடித்த மாதிரி சிரித்துக்கொண்டே பின் அறைக்குப் போனேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு இருபத்து மூன்று வயது. சானடோரியம் பக்கத்தில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சின்னச் சின்னப் பாகங்களை ட்வீசரால் எடுத்து போர்டில் வைத்துப் பற்றவைக்க வேண்டும். லைனில் நாற்பது பெண்கள். எனக்குத் தாடையில் முடி முளைக்க ஆரம்பித்திருந்தது. கறுப்பாக, தடியாக. முகமெல்லாம் பரு. இடுப்பு இரண்டு வருஷத்தில் இரண்டு மடங்கு. கம்பெனி ட்வீசரைக் கைக்குள் மறைத்து எடுத்துப்போய் டாய்லெட் கண்ணாடியில் முடியைப் பிடுங்குவேன். அது போல நல்ல ட்வீசரை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

லைனில் என் பக்கத்தில் உட்காருகிறவள் ஒரு நாள் கேட்டேவிட்டாள். "இன்னாமே, தெனம் கண்ணாடியாண்ட போயி இன்னா பண்ற? எங்கண்ணன் ஷேவ் பண்றதுக்குக்கூட இவ்ளோ நேரம் ஆவாது."

லைனே சிரித்தது. நான் எழுந்து அவள் ஸ்டூலை ஒரு உதை உதைத்தேன். அவள் கீழே விழுந்தாள். சூப்பர்வைசர் அக்கா என்னை ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப்போனார். பல்லாவரத்துக் கிறிஸ்தவர். நாற்பது வயது இருக்கும். தங்கை நர்ஸ். கத்தப் போகிறார் என்று நானும் கத்தத் தயாராக நின்றேன்.

"கையைத் தொற" என்றார். திறந்தேன். ட்வீசர். அவர் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"முடி, பரு, வெயிட். உனக்கு மாசாமாசம் பீரியட்ஸ் வருதா?"

ஏழு வருஷத்தில் யாரும் என்னிடம் அதைக் கேள்வியாகக் கேட்டதில்லை. எவன் என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

"வராதுக்கா" என்றேன். சொன்னதும் எனக்குள் குபீரென்று ஏதோ கிளம்பியது. "ஏன்க்கா? முடிக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?"

"இருக்கலாம். என் தங்கச்சி வேலை பார்க்கிற எடத்துல இப்படி நிறைய பேர் வர்றாங்களாம். டாக்டரைப் பாரு."

முடிக்கும் பருவுக்கும் வராத தூரத்துக்கும் ஒரே காரணம் இருக்கலாமாம்! நான் தனித்தனியாக மூன்று சாபம் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு ஒரு போர்டுகூட ஒழுங்காகப் பற்றவைக்கவில்லை.

அவசரமும் இருந்தது. கோவிலம்பாக்கத்து மாப்பிள்ளை ஒருவருக்கு என்னை நிச்சயம் பண்ணியிருந்தார்கள். மூன்று மாதத்தில் கல்யாணம். முகூர்த்தம் குறிக்க மாப்பிள்ளையின் அம்மா வந்தபோது, எங்கள் அம்மா காலண்டரைக் கழற்றி எடுத்துவந்து அவர் மடியில் வைத்தாள். "இவளுக்குப் பதினெட்டுங்க. ஒரு நாள் முன்னே பின்னே. அதனால ஏழாம் தேதி முகூர்த்தம் தோதா இருக்கும்."

"கடிகாரம் மாதிரி இருக்கே!" என்று அந்த அம்மாள் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். "கொடுத்து வெச்சிருக்கோம்."

நான் காபித் தட்டை நீட்டிக்கொண்டு நின்றேன். என் பொய்யின் மேல் பந்தல் போடுகிறார்கள். தாலி ஏறுவதற்கு முன் என் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அக்காவிடம் பதினெட்டாம் தேதிக் கதையைச் சொல்லிக்கொண்டே அவரோடு குரோம்பேட்டையில் ஒரு பெண் டாக்டரிடம் போனேன். கண்ணாடி போட்டவர், சிரிக்காத முகம். பேனாவைத் திறந்தார்.

"கடைசியா எப்ப வந்துது?"

"பதினெட்டாம் தேதி."

"அதுக்கு முன்னாடி?"

"பதினெட்டு."

"ரெகுலரா?"

"ரெகுலர்."

இதைச் சொன்னது என் வாய்தான். ஏழு வருஷம் பழகிய வாய், டாக்டர் என்றும் பார்க்காமல் பொய்யை வரிசையாகக் கொட்டிவிட்டது. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். இரும்புச் சத்து மாத்திரையும் பருவுக்குக் களிம்பும் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து சீட்டைக் காட்டி, உள்ளே சொன்ன பதிலையும் சொன்னதும் அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏன்டி, உங்க அம்மாகிட்ட கதை விடறே, சரி. டாக்டர்கிட்டயுமா? எதுக்குடி என் வெள்ளிக்கிழமையைக் கெடுத்தே?"

எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. அடுத்த பேஷண்ட் உள்ளே போயிருந்தார். வரிசையில் இருந்தவர்கள் "ஏய், ஏய்" என்று கூப்பிடக் கூப்பிடக் கதவைத் தள்ளிக்கொண்டு போய் நின்றேன்.

"டாக்டர், நான் சொன்னது எல்லாம் பொய்! எனக்கு வரதே இல்ல. வந்த மாதிரி உக்காந்துக்கறேன்!"

படுத்திருந்த கர்ப்பிணிப் பெண் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தார்.

"வந்த மாதிரி உக்காந்துக்கறியா? எத்தனை வருஷமா?"

"ஏழு."

"நான் இருபது வருஷமா பிராக்டிஸ் பண்றேன். வராம இருந்தா வேற பொய் சொல்லுவாங்க. இப்படி ஒண்ணு கேள்விப்பட்டதே இல்ல." முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியதில் சிரிக்கிறார் என்று தெரிந்தது. "போய் நிஜத் தேதியை எழுதிட்டு வா. ஒரு வருஷத்துக்காவது வேணும்."

நிஜத் தேதிக்கு நான் எங்கே போவேன்? காலண்டர் முழுக்கப் பொய். என்னைத் தாம்பரம் வரை விட அக்காவும் கூடவே வந்தார். ரயிலில் சானடோரியம் தாண்டும்போது பளிச்சென்று தோன்றியது. நிஜமாக வந்த நாளில் நான் வேலைக்குப் போக முடியாது. லீவு போடுவேன். கம்பெனியில் வருகை அட்டை இருக்கிறது! பொய்யாக உட்கார்ந்த நாட்களில் பின் அறையிலிருந்தே வேலைக்குப் போய்விடுவேன், லீவு இருக்காது.

"அக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் லேடீஸ் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா இரண்டு வருஷத்து அட்டைகளையும் ஸ்டோர் ரூமுக்குக் கொண்டுவந்தார். டிபன் பாக்ஸை மூடியபடியே வைத்துவிட்டு நானும் அவரும் தரையில் பரப்பிப் பார்த்தோம். ஜனவரியில் இரண்டு நாள். ஏப்ரல் வரை ஒன்றுமில்லை. ஏப்ரலில் மூன்று நாள். அப்புறம் ஆகஸ்ட். "இது எங்க மாமா சாவு, இதைத் தள்ளுங்க" என்று ஒன்றை நீக்கினேன். மிச்சமிருந்த தேதிகளை ஒரு காகிதத்தில் எழுதினேன். அது என் உடம்பு. முதல் முறையாக அதை எழுத்தில் பார்த்தேன். எனக்குப் பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது.

டாக்டர் அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோடு மேலேயே புதிதாக ஒரு ஸ்கேன் சென்டர் வந்திருந்தது. ஆறு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு ஒன்றுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். பெஞ்சில் என்னைத் தவிர எல்லோரும் பிள்ளைத்தாய்ச்சிகள். பக்கத்து அம்மாள் என் இடுப்பைப் பார்த்து, "எத்தினி மாசம்மா?" என்றார்.

"வயித்துல ஒண்ணும் இல்லீங்க. ஏன் மாசாமாசம் வரலைன்னு பார்க்க வந்திருக்கேன்" என்றேன் சத்தமாக. ஒளித்துப் பேசி எனக்கு அலுத்துவிட்டது. அந்த அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தார்.

என் பெயரைக் கூப்பிடும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. உள்ளே ஆறு டம்ளர் தண்ணீர். கால் மேல் கால் போட்டு, பல்லைக் கடித்து, மின்சார வாரியத்தைத் தலைமுறை தலைமுறையாகத் திட்டினேன். "ஜெனரேட்டர் இல்லாம என்னாத்துக்குக் கடை தொறக்கறீங்க?" என்று கவுன்டரிலும் போய்க் கேட்டேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். சிரித்தால் நிலைமை கைமீறிவிடும் என்று இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கம் பார்த்தோம். அரை மணி நேரம் கழித்து விளக்கு எரிந்தபோது வெற்றி வீரன் மாதிரி ஓடிப்போய்ப் படுத்தேன்.

ஸ்கேன் எடுத்த டாக்டர் அம்மாள் திரையை என் பக்கம் திருப்பினார். மழைக்காலத்து டி.வி. மாதிரி கறுப்பும் வெள்ளையும் புள்ளி புள்ளியாக ஓடிற்று. ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"இதுதான் உன் முட்டைப்பை. ஓரத்துல சின்னச் சின்னதா கறுப்பா வட்டம் தெரியுது பாரு. நீர்க்கொப்பளம் மாதிரி. ஒண்ணு, ரெண்டு, மூணு... பத்துக்கு மேல இருக்கு. இந்தப் பக்கமும் அப்படியே."

வேறு யாராவது அழுதிருப்பார்கள். எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது. இருக்கிறது! உள்ளே நிஜமாகவே ஒன்று இருக்கிறது! எவனும் இல்லை, சாபமும் இல்லை. வரிசையாக, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, வட்ட வட்டமாக இருக்கிறது. "இதுக்குப் பேர் இருக்கா?" என்று கேட்டேன். "பாலிசிஸ்டிக் ஓவரின்னு சொல்லுவாங்க. உங்க டாக்டர் பார்த்து முடிவு சொல்லட்டும்." சீட்டின் பின்பக்கத்தில் தமிழில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அப்புறம்தான் டாய்லெட்டுக்கு ஓடினேன்.

எங்கள் டாக்டர் படத்தைப் பார்த்தார். அதுவாக இருக்க நிறைய வாய்ப்பிருக்கிறது, ரத்த ரிசல்ட் வந்ததும் உறுதியாகச் சொல்கிறேன் என்றார். தூரத்தை வரவழைக்க ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார். நட, எண்ணெய்ப் பலகாரத்தைக் குறை என்றார். குழந்தை பிறக்காது என்று அர்த்தமில்லை, கொஞ்சம் தாமதமாகலாம், வைத்தியம் இருக்கிறது என்றார். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில், "கல்யாணம் ஆனா பாதி சரியாயிடும்" என்றார்.

"கல்யாணம் என்ன மாத்திரையா டாக்டர்? சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "சரிதான். எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிப் பழகிடுச்சு. அதை விட்டுடு."

அன்று சாயங்காலமே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்கேன் படத்தை அடுப்பு மேடையில் வைத்தேன். அவள் படத்தைப் பார்க்கவே இல்லை.

"அப்ப நிஜமா வந்தப்ப என்ன பண்ணே?"

"வயித்துப்போக்குன்னேன்."

"சாமி அறையில வெளக்கு ஏத்துனியா?"

"நீதான் ஏத்தச் சொன்னே. ஏத்துனேன். ஒண்ணும் ஆகல."

அம்மா சுவரில் சாய்ந்துவிட்டாள். "மாப்ள வீட்டுக்குத் தெரியக் கூடாது" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. மறுநாள் கம்பெனி விட்டதும் தாம்பரம் ஸ்டேஷன் வாசல் எஸ்.டி.டி. பூத்திலிருந்து மாப்பிள்ளையின் ஆபீசுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். நோயின் பெயரையும் எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.

"கேக்குதா?"

"கேக்குதுங்க. அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்."

"கல்யாணம் உங்களுக்கா, உங்க அம்மாவுக்கா?"

போனை வைத்துவிட்டார். நாலாம் நாள் தரகர் வந்து, ஜாதகத்தை மறுபடி பார்த்தார்களாம், ஏதோ தோஷம் தெரிகிறதாம் என்று காபி குடித்துவிட்டுப் போனார். தோஷமாம். நேரே சொல்ல வாயில்லாதவர்கள். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. எனக்கு வருத்தம் இருந்ததா என்றால் இருந்தது, ஒரு சாயங்காலம் அளவுக்கு. ஆனால் அந்த வாரம்தான் மாத்திரை முடிந்து மூன்றாம் நாள், லைனில் உட்கார்ந்திருக்கும்போதே எனக்கு வந்தது. "அக்கா, வந்துடுச்சு!" என்று லைனின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கத்தினேன். ஸ்டூலிலிருந்து விழுந்தவள், "இன்னா, போனஸா?" என்றாள். வீட்டுக்குப் போய்ப் பின் அறைப் பக்கம் திரும்பாமல் நேராகச் சமையலறைக்குள் நுழைந்தேன். "இன்னைக்கு நிஜம். பசிக்குது" என்றேன். அம்மா தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. தட்டில் ஒன்றைத் திருப்பிப் போட்டாள்.

ரத்த ரிசல்ட் வாங்கும் நாளில் தானும் வருவதாக அம்மா புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். டாக்டரோடு சண்டை போடத்தான் வருகிறாள் என்று தெரிந்தது. பஸ்ஸில் அதற்கு ஒத்திகைகூடப் பார்த்தாள். "ஒரு பொண்ணு வாழ்க்கையைக் கெடுத்துட்டு நல்லா இருப்பீங்களான்னு கேக்கறேன் பாரு."

டாக்டர் ரிசல்ட்டைப் படித்து, நாம் நினைத்ததேதான் என்றார். அம்மா வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"வீட்டுல வேற யாருக்காவது இப்படி இருந்துதா? அம்மா, சித்தி, பெரியம்மா?"

"யாருக்கும் இல்ல" என்றேன்.

"எனக்கு" என்றாள் அம்மா.

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மூணு மாசம், நாலு மாசம் வராது டாக்டர். இவளைப் பெத்துக்க எட்டு வருஷம். அந்த எட்டு வருஷம் ஒரு வளைகாப்புக்கு என்னை யாரும் கூப்பிடல."

"அப்ப எனக்கு வரலேன்னதும் எவன்னு கேட்டியே!" டாக்டர் முன்னாலேயே கத்திவிட்டேன். "உனக்குத் தெரியும். தெரிஞ்சும் அடிச்சே!"

"எனக்கு இருந்தது உனக்கும் வந்துடுச்சோன்னு நெனைக்கவே பயமா இருந்துதுடி. அதுக்கு எவனாவது இருந்தாக்கூடப் பரவாயில்லன்னு தோணுச்சு."

எனக்கு அவளை உலுக்க வேண்டும் போலிருந்தது. அதே சமயம், ஸ்கேன் திரையில் வட்டங்களைப் பார்த்த அன்றைக்குப் போலவே எழுந்து குதிக்கவும் தோன்றியது. எனக்கு முன்னால் ஒருத்தி இருந்திருக்கிறாள். ஒரே வீட்டில், எதிர் அறையில்.

டாக்டர் பேனாவால் மேஜையைத் தட்டினார். "சண்டையை வீட்டுல வெச்சுக்குங்க. அம்மா, அந்த நாற்காலியை இப்படி இழுத்துப் போடுங்க. மொதல்ல இருந்து சொல்லுங்க."

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சண்டைக்காக இடுப்பில் இழுத்துச் செருகிவந்த முந்தானையைத் தளர்த்திவிட்டாள். "பதினாலு வயசுல வயசுக்கு வந்தேன் டாக்டர். அதுக்கப்புறம் ஒரு வருஷம் எட்டிக்கூடப் பார்க்கல..." என்று ஆரம்பித்தாள். அவள் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. வெளியே யாரோ பொறுமையிழந்து கதவைத் தட்டினார்கள்.

"இருங்க!" என்று உள்ளேயிருந்தே கத்தினேன். "எங்கம்மா இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்காங்க!"